பாழ்வீட்டு வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு

1968 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. அக்னி நட்சத்திரம், காற்று துளியும் இல்லை, வானம் அதற்குள் வெளுத்துக் கிடந்தது. நானும் அத்தையும் டவுனிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வண்ணார்பேட்டைக்கு நடந்தோம். எனக்கு ஒன்பது வயது. அத்தையின் தோளில் பெட்டிக் கேமரா. அதற்குள் ஒரு சுருள், சுருளுக்குப் பன்னிரண்டு படம். இப்போது என் பேரன் பாழடைந்த ஒரு பங்களாவுக்குள் போய்விட்டு வந்தான். கைபேசியில் எண்ணிப் பார்த்தேன்: ஒரே மதியத்தில் நானூற்றுச் சொச்சம். யாருக்கு எதற்கு இத்தனை என்று கேட்டால் சிரிக்கிறான்.

அத்தை அப்பாவின் தங்கை. கணவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு நாளில் ஆளில்லாத கட்டடங்களுக்குள் புகுந்து படம் எடுப்பாள். மூடிப்போன அரிசி ஆலை, கூரை விழுந்த நாடகக் கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் நான் துணை. பாம்பு இருந்தால் ஓடட்டும் என்று கம்பால் தரையைத் தட்டுவதும், எத்தனை படம் ஆயிற்று என்று எண்ணுவதும் என் வேலை. கிறுக்கு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குப் போன வீடு வேறு விஷயம். அதை வாடகைக்குப் பிடித்துத் தனியாகக் குடிபோக வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டாள். வீட்டுக்காரர் பம்பாயில் இருந்தார். பழுதுகளைப் படம் எடுத்து அனுப்பினால் சரிசெய்து தருவதாக எழுதியிருந்தார். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "தங்கச்சி தனியா இருந்தா ஊர்க்காரன் என் மூஞ்சியிலல்லா துப்புவான்" என்று முந்தின வருஷமே அப்பா சொல்லியிருந்தார். நேருக்கு நேர் இன்னொரு முறை அவர் மறுத்துவிட்டால் அத்தை மீறமாட்டாள். அதனால்தான் இத்தனை ரகசியம். சத்தியத்துக்குக் கூலியாகப் பன்னிரண்டாவது படம் என்னை எடுப்பது என்று பேச்சு.

பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, எண்ணெய் விட்டுப் பூட்டைத் திறந்தோம். அத்தை வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். ஆலையிலோ கொட்டகையிலோ அவள் கழற்றியதில்லை.

"அத்தே, உள்ள பூரா வவ்வா எச்சமா கெடக்கு."

"இருந்தா என்னலே? வீடுல்லா."

நானும் கழற்றினேன். இரண்டு ஜோடியும் தெருவைப் பார்த்துக் கிடந்தன.

அத்தை வெளிச்சத்துக்குக் காத்திருந்து காத்திருந்து எடுத்தாள். ஒழுகின கூரை, இடிந்த அடுப்பு மேடை, கறையான் அரித்த வாசல் நிலை. பதினொன்றாவதாகப் பின்னறைக் கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை எடுத்தாள். ஒரு தாழ்ப்பாளுக்கு ஒரு முழுப் படமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஆற்றில் குளித்துவிட்டு அந்த வழியாக வந்த அப்பா, தான் வாங்கிக்கொடுத்த செருப்பைத் தெருவிலிருந்தே அடையாளம் கண்டுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அவரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வாசலில் இப்போது மூன்று ஜோடி.

"ஏட்டி, இங்கன என்ன செய்யுத?"

"படம் எடுக்கேன், அண்ணே."

"எதை? தாழ்ப்பாளையா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஒழுகின கூரையையும் இடிந்த அடுப்பு மேடையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான்தான் உதவிக்குப் போனேன். "இன்னும் ஒண்ணுதான் மிச்சம்ப்பா. அது எனக்கு."

"ஒனக்கென்னலே, நீ இடிஞ்சா கெடக்க?" என்றார் அப்பா. பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் இரண்டு முறை கேட்டது.  வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. அத்தை என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

வந்தபோது அப்பாவின் விரல்களில் துரு.

"இது விழமாட்டேங்கு. பித்தளையில போடணும்." கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார். "கெணத்தை எடுத்தியா?"

"இல்லண்ணே."

"அதையும் எடு. தூர் வார வீட்டுக்காரன்ட்ட துட்டு கேளு. சும்மா விடாத."

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். பன்னிரண்டாவது படத்தைக் கிணறு கொண்டுபோயிற்று. நான் அழுதுகொண்டே அழுதேன்.

ஜூனில் அத்தை குடிபோனாள். பித்தளைத் தாழ்ப்பாளை அப்பாவே வாங்கிவந்து மாட்டினார். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கேமராவும் தவிர அத்தையிடம் என்ன இருக்கிறது, திருடனுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அத்தை படுத்தது கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில், கதவே இல்லாத நடையில். ஆறு வருஷமும் ராத்திரி தண்ணீர் குடிக்க அவளைத் தாண்டித்தான் எல்லோரும் போனோம், அப்பாவும் போனார். அன்றைக்கு அந்தப் பின்னறைக்குள் அவர் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கியது ஒன்றுதான்: அத்தை இனி ஆற்றுக்கு அந்தப்பக்கம். ஞாயிறுதோறும் தின்பண்டக் காசில் டவுன் பஸ் ஏறினேன். பன்னிரண்டு வயதுவரை அரை டிக்கெட், அதன்பின் முழு டிக்கெட். பள்ளிப் படிப்பு முடியும்வரை, காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் போகாத வாரங்களைக் கழித்து, போகவர மொத்தம் நாற்பத்தொன்பது ரூபாய் ஐம்பது பைசா.