தலையை எண்ணாமல் வண்டி எடுக்காதவள்

என் பெரிய மருமகள் பதினாறு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சாயங்காலம் மறுபடி ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் அவளுக்கு ஒரே ஆசைதான். போனில் துப்பாக்கி விளையாட்டு. நாற்பத்தாறு வயசில் இது என்ன கூத்து என்று என் காதுபடக் கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

விளையாட்டு இதுதான். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். நாலு பேர் ஓர் அணி. கடைசிவரை உயிரோடு இருக்கிற அணி ஜெயித்தது. நடுவில் வட்டம் ஒன்று சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே எல்லாம் நீலம்; அதில் மாட்டினால் யாரும் சுடாமலே சாவு. எனக்கு எழுத்துத் தெரியாது, வட்டம் தெரியும். பார்க்க அது போதும்.

மருமகளுக்குச் சுட வராது. எதிரே நிற்கிறவனை விட்டுவிட்டு மரத்தைச் சுடுவாள். ஜீப் கிடைத்தால் மட்டும் அவள்தான் ஓட்டுவாள். திருப்பம் வந்தால் பழக்க தோஷத்தில் ஹாரன் அடிப்பாள், ஒளிந்திருக்கிறவனெல்லாம் உஷாராகிவிடுவான்.

அவள் அணியில் அவளுடைய அக்கா, வெளியூரில் இருக்கிற என் சின்ன மகன், அவனோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன். ஞாயிறு நாலு மணிக்குப் பேசிக்கொண்டே விளையாடுவார்கள். அக்காக்காரி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் வெளியே வரமாட்டாள். மருந்து, கவசம், தோட்டா என்று ஒன்று விடாமல் பொறுக்குவாள். அதுவரை மருமகள் ஜீப்பை உறுமவிட்டுக் காத்திருப்பாள். தலையை எண்ணாமல் அவளால் வண்டி எடுக்க முடியாது. எங்களை வெளியே கூட்டிப்போனாலும் ஒருதரம் திரும்பி எண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள். எண்ணுவதற்கு இருப்பது நானும் அவள் புருஷனும்தான்.

போன மாசம் ஒரு ஞாயிறு, முதல் தடவையாகக் கடைசி ஆறு அணிக்குள் வந்துவிட்டார்கள். வட்டம் நெருங்குகிறது. அக்கா இன்னும் மாடியில்.

"அண்ணி, எடுங்க. அவங்கள விட்டுடுங்க" என்றான் சின்னவன்.

"மூணு பேருதான் இருக்கோம், தம்பி."

"இது ஸ்கூல் வேன் இல்ல அண்ணி."

"வண்டின்னா வண்டிதான்."

அக்கா ஓடிவந்து ஏறுவதற்குள் நீலம் நாலு பேரையும் விழுங்கிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஓட்டட்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சின்னவன் சொன்னான். சரி தம்பி என்று போனை வைத்தவள், வெளியே போய் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். முதல்நாள்தான் கழுவிய வேன். நான் அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனேன். வேண்டாம் அத்தை என்றாள். சரி, கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் கூப்பிட்டபோது நான் போனையும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தாள். நாலரைக்கு அக்கா கூப்பிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. புது டிரைவர் புயலாம். சின்னவன் ஏதோ துப்பாக்கியை எடுக்க இறங்கியிருக்கிறான்; அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பைக் கிளப்பிவிட்டான். இவன் நிறுத்துடா நிறுத்துடா என்று ரோட்டில் ஓடியே, நீலத்தில் மாட்டிச் செத்தானாம்.

மருமகளும் சிரித்தாள். பிறகு, "பாவம் தம்பி. ஒருத்தர்கூடவா எண்ணல?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று சின்னவன் இழுத்தான்.

"என்னச் சுத்தி வராத. கேக்கவேண்டியத அவகிட்டக் கேளு" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

அவன் கேட்டான். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள். "வரேன் தம்பி. ஆனா நாலு பேரும் ஏறினாத்தான் எடுப்பேன். எத்தனையாவதா வந்தாலும் சரி."

"சரிங்க அண்ணி."

அன்றைக்குப் பதினான்காவது இடம். அக்கா ஒரு கடைக்குள் போனவள் வரவே நேரமாகிவிட்டது. சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வட்டம் வந்து பிடித்தபோது நாலு பேரும் ஜீப்புக்குள்தான் இருந்தார்கள். செத்த பிறகும் போனை வைக்க மனசில்லாமல் அரைமணி நேரம் பேசினார்கள். அதிகம் பேசியது என் மகன்தான்.