டேங்க் மூடி

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிட்லபாக்கத்தில் எல்லார் வீட்டிலும் குழம்பு வாசம் வரும், எங்கள் வீட்டில் பெட்ரோல் வாசம் வரும். அப்பாவிடம் ஒரு பழைய நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே, வேறு யாரோ ஓட்டிச் சலித்துப்போனதை வாங்கியிருந்தார். அவர் கைக்கு வந்த பிறகு ஒரு மெக்கானிக்கும் அதைத் தொட்டதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தொட்டிருந்தால் நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

காலை ஏழு மணிக்கு ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். கார்புரேட்டரைக் கழற்றி அம்மாவின் எவர்சில்வர் கிண்ணத்தில் ஊறப்போடுவார். நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைப்பார். அம்மா இட்லித் தட்டைத் தேடிக்கொண்டு வந்து நின்றால், தலையைத் தூக்காமல், இதோ முடிஞ்சுது என்பார். என்ன முடிந்தது? இருட்டும் வரை ஒன்றும் முடியாது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வண்டியில் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெட்ரோல் டேங்க். டேங்க் மூடி எப்போதும் என் முட்டிகளுக்கு நடுவில்தான் இருக்கும். அதன் மேல் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மழை ஊற்றித் தள்ளியது. கார்புரேட்டரைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர். எங்கேயிருந்துதான் இறங்குகிறதோ என்று அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்கா தெரியாது? பிறந்தநாள் கேக்கில் வைத்த ரோஸ் நிற மெழுகுவத்தியில் ஒரு துண்டை உருட்டி இளக்கி, ஓட்டைக்குள் திணித்து, மேலே வழவழவென்று தேய்த்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் நின்றுபோனதைப் பார்த்து அவரே அதிசயப்பட்டு வாய்விட்டுக் கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

தண்ணீர் நின்றது. ஆனால் கூடவே வண்டியும் நிற்க ஆரம்பித்தது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடும். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் இருமிவிட்டு நின்றுவிடும். அப்பா மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். திறக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். லாரி இரைச்சலில் அது டேங்க் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்கும். மூடிவிட்டு உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். பிளக்தான் கோளாறு என்பார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். அடுத்த ஞாயிறு பிளக்கை மாற்றினார். அதற்கடுத்த ஞாயிறு இக்னிஷன் காயிலை. மழை விட்ட ஒரு ஞாயிறு சைலன்சரைக் கழற்றித் தீயில் போட்டுக் கரியை எரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்களின் வெள்ளைத் துணியெல்லாம் கறுத்து, அந்தச் சண்டை தனியாக ஒரு வாரம் ஓடியது. பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகி நான் தினமும் வகுப்புக்கு வெளியே நின்றேன். அப்பா மூடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினார்.

இந்த லட்சணத்தில்தான் சித்தியின் கல்யாணம் வந்தது. சித்தியைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் அம்மா. குன்றத்தூர் முருகன் கோயிலில் விடியற்காலை முகூர்த்தம். சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். எனக்கு லேசாக ஜுரம் இருந்ததால் நாங்கள் மூன்று பேர் மட்டும் காலையில் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆட்டோ சொல்லிவிடலாம் என்று அம்மா நூறு தரம் சொன்னாள். நேற்றுதான் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்லி அப்பா கேட்கவே இல்லை.

வண்டி ஐந்து இடத்தில் நின்றது. பட்டுப்புடவையோடு அம்மா தூறலில் நிற்க, அப்பா நடுரோட்டில் குந்திக்கொண்டு பிளக்கைத் துடைத்தார். கோயில் படியில் பாதி ஏறும்போது மேலே கெட்டிமேளம் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அம்மா அங்கேயே தூணில் சாய்ந்து அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

மூன்று நாள் அம்மா அப்பாவோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். “மெக்கானிக் பாயைக் கூப்பிடுங்க. உங்க கைவேலையாலதான் வண்டி கெட்டுதுன்னு தெரிஞ்சா, இனிமே இந்த வீட்டுல நீங்க ஸ்பேனரைத் தொடக் கூடாது.”

அப்பா உடனே ஒத்துக்கொண்டார். தன் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சினிமா, சீட்டாட்டம், சிநேகிதர்கள் என்று எதுவும் இல்லாத மனிதர். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கென்று இருந்தது. அதைத்தான் பணயம் வைத்தார்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய் வந்தார். ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். ஓர் ஊக்கு வேண்டும் என்றார். அம்மா தன் வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். பாய் மூடியைக் குடைந்தார். ஊக்கின் நுனியில் ரோஸ் நிறத்தில் மெழுகு வந்தது.

“வண்டி சோக்கா கீது சார். காத்து போற ஓட்டையை எவனோ அடைச்சிட்டுகீறான். காத்து உள்ள போவலன்னா பெட்ரோல் எப்படி சார் கீழ இறங்கும்?”

யார் அடைத்தது என்று அம்மா கேட்டாள். கேட்டவிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா மெழுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கைவேலையில் குற்றமில்லை என்று பாயே சொல்லியாயிற்று. என் பெயரைச் சொன்னால் போதும், ஜெயித்துவிடுவார்.

“நான்தான் அடைச்சேன்,” என்றார் அப்பா. “மழைத்தண்ணி இறங்குதேன்னு.”

அம்மா உள்ளே போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்து பாய் முன்னால் வைத்தாள். பாய் சங்கடப்பட்டு, வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் அப்பாவே அதைப் பாயின் வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! யோசனை என்னுடையது, மெழுகு என்னுடையது. தண்ணீரை நிறுத்தியவள் நான். ஒரு பாராட்டுக்காக எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்! அத்தனை பேர் முன்னாலும் கூசாமல் அதைத் தன் பேரில் போட்டுக்கொண்டாரே இந்த அப்பா! காற்று, பெட்ரோல் என்று பாய் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்பா ஏழு மணிக்கு ஹாலில் வந்து உட்கார்ந்தார். பேப்பரைப் படித்தார், மடித்தார், திரும்பவும் பிரித்துப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஏரிப்பக்கம் காலாற நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அடுத்தவங்க செஞ்சதைத் திருடுறவங்களோட நான் எங்கேயும் வர மாட்டேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

என்ன திருடினேன் என்று அப்பா கேட்கவே இல்லை. அம்மா காதில் விழுந்துவிட்டதோ என்று சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பிப் போனார்.