கறுப்பாக நிற்கும் மெயில்

1. கேட் அடைச்சாச்சு

“யக்கா, கேட் அடைச்சாச்சுங்கான். கட்-ஆஃப் முடிஞ்சிட்டாம். வண்டியத் திருப்பச் சொல்லுதான்.”

டிரைவர் போனில் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. உறைந்த இறால் ஏற்றிய ரீஃபர், அதாவது குளிர்சாதனக் கன்டெய்னர் அது. கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டிய கடைசி நேரத்தைத்தான் எங்கள் தொழிலில் கட்-ஆஃப் என்போம். எங்கள் ஆபீஸ் காலண்டரில் அது சாயங்காலம் என்று இருந்தது. வண்டி போனது மத்தியானம்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். “கப்பல் முன்கூட்டியே வருது மேடம். கட்-ஆஃப காலைக்கு மாத்திட்டோம். நேத்தே மெயில் போட்டோமே” என்றார்கள். மெயில் பெட்டியில் தேடினோம். இருந்தது. யாரோ படித்து முடித்த மெயில் மாதிரி மெலிந்த எழுத்தில், சாதுவாகக் கிடந்தது.

தூத்துக்குடியில், அடுத்தவர் சரக்கைக் கப்பலேற்றிவிடும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரீஃபர் வேலை முழுவதையும் பார்ப்பவள் ஜெசிந்தா. மணப்பாட்டுப் பெண். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்து, முதுகில் அடிபட்டுத் திரும்பியவர். வீடு ஓடுவது இவள் சம்பளத்தில்தான். அன்று சாயங்காலமே அவள் மேஜைக்கு மெமோ வந்துவிட்டது. மெயிலைக் கவனிக்காததற்கு விளக்கம் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவாளாம். கையெழுத்து எங்கள் எம்.டி.யுடையது.

“யக்கா, மாதா மேல சத்தியமா நான் பாக்கல. கறுப்பா ஒண்ணுமே நிக்கலக்கா” என்றாள். நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்பதற்கு, அந்த மெயில் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

2. டிக் போட்டவர்கள்

எங்கள் ஆபீஸுக்கு ஒரே ஒரு பொது மெயில் பெட்டி. எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் அதையே திறந்து வைத்திருப்போம். யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று எங்களிடம் உண்டு. மெயிலைப் படிப்பாய், உன் வேலை என்றால் வேலையை முடிப்பாய், காலண்டரில் மாற்ற வேண்டியதை மாற்றுவாய். முடியவில்லையா, அல்லது வேறு ஆள் வேலையா, படிக்காததாகத் திரும்ப மாற்றிவிட வேண்டும். தடித்த எழுத்தில் கறுப்பாக நிற்கிற மெயில் என்றால் வேலை பாக்கி. வெளுத்துவிட்டால் முடிந்தது. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும் முன் “கறுப்பு எதுவும் நிக்கா?” என்று ஒரு குரல் கொடுக்காமல் நாங்கள் கிளம்ப மாட்டோம்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததைத்தான் எம்.டி. மாற்ற ஆசைப்பட்டார். பழைய வெப்மெயில் பார்க்க நன்றாக இல்லையாம். சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். இரண்டு சாஃப்ட்வேர் கம்பெனிகளின் மெயிலையும் காலண்டரையும் ஒப்பிட்டு, கட்டம் கட்டமாக டிக் போட்ட ஒரு தாள் வைத்திருந்தார். எவ்வளவு இடம் தருகிறான், வீடியோ மீட்டிங் உண்டா, போனில் வருமா, கலர் மாற்றலாமா. ஏ.சி. அறையில் எம்.டி.யும் அவரும் அரை நாள் பேசினார்கள். நாள் முழுக்க மெயிலோடு மாரடிக்கிற எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவு செய்தபிறகு காபியோடு கூப்பிட்டுக் காட்டினார்கள்.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது காலண்டர். கப்பல் வருகிற நேரம் ஒரு நாளில் பல தடவை மாறும். பழைய காலண்டரில் சத்தமில்லாமல் நகர்த்தி வைப்போம். புதியதில் ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் எல்லோருக்கும் ஒரு மெயில் போகிறது. “கப்பல் என்ன மீட்டிங்கா சார், இத்தனை பேருக்குத் தாக்கல் சொல்ல?” என்று கேட்டேன். கன்சல்டன்ட் சிரித்தார்.

இரண்டாவது, மெயிலைச் சும்மா தொட்டாலே வெளுத்துவிடுகிறது. “அது ஃபீச்சர் மேடம்” என்றார். “எங்களுக்கு அது எமன் சார்” என்றேன். பிடிவாதமாக நின்று, நாங்களாக மாற்றினால்தான் மாற வேண்டும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையிலும் செட்டிங்கைப் போட வைத்தேன். போனில் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “ஸ்டாஃப் போன்ல குடுக்கப்போறதில்லயே” என்று எம்.டி.யே முடித்துவிட்டார்.

அதனால்தான் ஜெசிந்தா சொன்னதை நம்பினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானாக வெளுக்காது, கேட்டுப் பார்த்ததில் யாரும் வெளுக்க வைக்கவும் இல்லை. அப்படியானால் யார்?

3. பந்தியில் ஒரு கை

மறுநாள் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். அவர் அப்பா காலத்திலிருந்தே நான் அங்கே இருக்கிறேன். அவளுக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று தெரிந்ததுமே கத்த ஆரம்பித்தார்.

“யக்கா, நீங்க சப்போர்ட்டுக்கு வராதீங்க. இறால்காரர் என்னக் கிழிகிழின்னு கிழிக்காரு. மெயில் வந்த அன்னைக்கு நான் விளாத்திகுளத்துல கல்யாணப் பந்தில உக்காந்திருக்கேன். ஒரு கை எலையில, ஒரு கையில போனு. அங்கன இருந்து நானே பாத்துட்டேன் அந்த மெயில! இங்கன சேரப் போட்டு உக்காந்திருக்க இவளுக்குப் பாக்க முடியலையோ?”



“எப்பம் சார் பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“வந்த உடனேயே பாத்துட்டேன்லா. நான்லாம் அப்படித்தான்.”

“பாத்துட்டு என்ன செஞ்சீங்க?”

“நான் என்ன செய்ய? அது அவ வேலைலா? போன சட்டப் பையில போட்டுட்டுச் சாப்பிட்டேன்.”

“நீங்க பாத்ததாலதான் சார் அவ பாக்கல.”

அவருக்குப் புரியவில்லை. மேஜையில் கிடந்த அவர் போனை எடுக்கச் சொன்னேன். அப்போதுதான் வந்திருந்த ஒரு மெயில் கறுப்பாக நின்றது. திறக்கச் சொன்னேன். திறந்தார். அவருடைய கம்ப்யூட்டர் திரையில் அதே மெயில் கண் முன்னால் வெளுத்தது. வெளியே எல்லோருடைய திரையிலும் அதே கணம் அது வெளுத்திருக்கும்.

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அப்பம் இது சாஃப்ட்வேர் தப்புலா?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்! ஜெசிந்தா செய்தாள் என்று நினைத்தவரை அது கவனக்குறைவு. வேலையை விட்டுத் தூக்கும் அளவுக்குக் குற்றம். தான் செய்தது என்று தெரிந்ததும் அது சாஃப்ட்வேர் தப்பு. “சரி யக்கா, மெமோவ விட்டுருவோம்” என்றார், ஏதோ பெருந்தன்மை மாதிரி.

அதுவரை வாய் திறக்காத ஜெசிந்தா அப்போது பேசினாள். “விட்டுருவோம்னா எப்படி சார்? எழுதித் தந்தீங்கள்லா? எழுதியே எடுங்க.”

4. இன்னும் வெளுக்காதது

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு மெயிலை ஒப்பிட வேண்டுமானால் டிக் போடும் தாளைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அதை வைத்து வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். அவர் எதைப் பார்த்து வேலை பாக்கி என்று தெரிந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். அதை யாரெல்லாம் கலைக்க முடியும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் முதலாளியையும் சேருங்கள். நான் கம்ப்யூட்டர்களையெல்லாம் எண்ணினேன், அவர் போனை எண்ண அவர் விடவில்லை.

எம்.டி.யின் மெயில் அன்றே பொதுப் பெட்டிக்கு வந்தது. மெமோ திரும்பப் பெறப்படுகிறது, இனி அனைவரும் கவனமாக இருக்கவும் என்று இரண்டு வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ‘அனைவரும்’ என்பதைப் படித்தபோது எனக்குப் பல் நறநறத்தது.

ஜெசிந்தா அமைதியாகப் படித்தாள். பிறகு அதைப் படிக்காததாக மாற்றினாள்.

“ஏளா, படிச்சிட்டேல்லா?” என்றேன்.

“படிச்சிட்டேன்க்கா. வேல முடியலைலா” என்றாள்.

இப்போதும் ஆபீஸைப் பூட்டும் முன் “கறுப்பு எதுவும் நிக்கா?” என்று கேட்கிறோம். “ஒண்ணு நிக்கு” என்று பதில் வரும். எது என்று யாரும் கேட்பதில்லை. எம்.டி. போனில் திறந்து பார்ப்பார்போல, சில நாள் காலையில் அது வெளுத்திருக்கும். ஜெசிந்தா வந்து பையை மாட்டிவிட்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை மறுபடியும் கறுப்பாக்கிவிடுகிறாள்.