தும்பிக்குக் கிடைத்த மண்

"இது ரொம்ப அதிர்ஷ்டக்காரத் தும்பிம்மா"ன்னு அந்தத் தம்பி சொன்னப்பவே எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

பதுளையில மக படிக்கிற பள்ளிக்கூடத்துல விஞ்ஞானக் கண்காட்சி. ஒரு நாள் பேரு, அந்தச் சம்பளம் போனாப் போகுதுன்னு, தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போகாம, நமுனுகுலயிலருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டியில வெளிநாட்டுலருந்து வந்த கல்லு. கல்லுக்குள்ள தும்பி. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா றெக்கையில ஓடுற நரம்புகூட அப்படியே இருக்கு. விளக்கம் சொல்ல கெம்பஸ்ல படிக்கிற அந்தத் தம்பி நின்னுச்சு.

"செத்துக் குளத்துல விழுந்திருக்கு. அழுகறதுக்கு முந்தியே நைசான சேறு மூடிருச்சு. காத்து உள்ள போகல, வேற எதுவும் வந்து தின்னல. மேல மேல மண்ணு படிஞ்சு, அமுங்கி, கோடிக்கணக்கான வருஷத்துல கல்லாயிருச்சு. சட்டுன்னு மூடுனதுதான் அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டமாம். எங்க அக்காவையும் சட்டுன்னுதான் மூடுச்சு. அடைமழையில மலை சரிஞ்சு மேல் லயத்து வீடுங்களை வரிசையோட அள்ளிக்கிட்டு வந்தப்ப அவ அடுப்படியில ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தா.

தம்பியைக் கோவிச்சு என்ன செய்ய, அதுக்கு என்ன தெரியும் பாவம். "இதை எப்படித் தம்பி எடுத்தாங்க?"ன்னு கேட்டேன். ஊசியாலயும் பிரஷ்ஷாலயும் மாசக்கணக்கா சுரண்டுவாங்களாம். றெக்கை நுனி உடைஞ்சிரக் கூடாதுன்னு அவ்வளவு பக்குவமாம்.

எங்க இடத்துல மண்ணு அள்ளுற பெக்கோ மெஷின் வந்து கொஞ்ச நாள் தோண்டுச்சு. அப்புறம், இனிமே தோண்டுனா மிச்ச மலையும் வரும், இந்த இடத்தையே கல்லறையா நினைச்சுக்கங்கன்னுட்டுப் போயிட்டாங்க. சரி, மலை வரும்னா ஒத்துக்கறேன். ஆனா கல்லறைன்னு சொன்னவங்க ஒரு சிலுவை நட விட்டாங்களா? தோட்டத்து நிலமாம், முடியாதாம். பாதர் வந்து சேறு முழுசுக்கும் பொதுவா தீர்த்தம் தெளிச்சாரு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளு கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்துறாங்க. நான் மட்டும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம அந்த மண்ணைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

"நம்ம மலையிலயும் இப்படி ஏதாச்சும் இருக்குமா தம்பி?"

"இருக்காதும்மா. நம்ம மலையெல்லாம் பூமிக்குள்ள வெந்து உருமாறுன பாறை. ஒண்ணும் மிஞ்சாது."

"இருக்கு"ன்னேன். மக என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போனா, அக்கா வீடு இருந்த பக்கம் வரிசையா தேயிலைக் கன்னு நட்டிருக்கு. மெழுகுவர்த்தியை எடுத்தேன், தோட்டத்துல வேலை வாங்குற கணக்கப்பிள்ளை ஓடி வந்தாரு.

"கன்னுக்குப் பக்கத்துல நெருப்பு வைக்காத, கருகிரும்."

பூச்சிக்குக் கண்ணாடிப் பெட்டி போடுறாங்க, கன்னுக்குக் காவல் போடுறாங்க. எங்க அக்காவுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஆகாதா?

குனிஞ்சு ஒரு கன்னை வேரோட புடுங்கி அவர் கையில குடுத்தேன். அந்தக் குழியில மெழுகுவர்த்தியை நட்டு, மண்ணை அணைச்சுப் பத்த வச்சேன்.

"இப்ப கருகாதுங்க."