வெட்டாத இறைச்சிக்கு வைத்த கையெழுத்து

வெட்டிப் பார்த்தேன் என்று கையெழுத்து வைத்த இறைச்சியை நான் வெட்டவில்லை. அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னேன். அதனால் ஒரு நல்ல மனிதரின் வேலை போயிற்று.

இந்த மூன்று வசனங்களை எழுத எனக்கு ஆறு வருடம் சென்றது. எத்தனையோ தரம் கொப்பியை விரித்தேன். மேலே ஒரு சிலுவை போடுவேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாட்டுத்தான்...

நீங்கள் என்னைக் கோவிலில் கண்டிருப்பீர்கள். பூசைக்கு முந்திச் செபமாலையைத் தொடங்கி வைப்பவள் நான்தான். அந்தக் குரலை நம்பித்தானே நீங்களும் பின்னால் சொல்லி வருகிறீர்கள்?

சில்க்போர்க் என்ற டேனிஷ் நகருக்கு வெளியே ஒரு குளிர்க்களஞ்சியத்தில் வேலை செய்தேன். தென்னமெரிக்காவிலிருந்து உறைந்த மாட்டிறைச்சி வந்து இறங்கும் இடம். அவித்த இறைச்சி என்றால் இறக்குமதி வரி குறைவு. பச்சை இறைச்சி என்றால் வரி பல மடங்கு. ஆனால் எது அவித்தது, எது பச்சை? சட்டம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. துண்டின் ஆகத் தடித்த இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் இளஞ்சிவப்பாக நீர் கசிந்தால் அது பச்சைக் கணக்கு.

அவ்வளவு பெரிய சட்டமும் கடைசியில் ஒரு கத்தியிலும் இரண்டு கண்ணிலும் வந்து நிற்கிறது. அந்தக் கத்தி என் கையில் இருந்தது. வருகிற ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை இளக வைத்து, வெட்டி, பார்த்ததைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டார்: "நீங்கள் தமிழர். மாட்டிறைச்சியைத் தொடுவதில் தடை ஏதும் உண்டா?" எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் கத்தோலிக்கம். எங்களுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

தடை இருந்தது. என் மகள் நிரோஷி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது மடுமாதாவுக்கு நேர்ந்திருந்தேன்: என் சீவியத்தில் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தின்னவும் மாட்டேன், தொடவும் மாட்டேன். தின்னாமல் இருப்பதைத்தான் திருச்சபை கேட்கிறது. தொடமாட்டேன் என்பதை நானாகச் சேர்த்தேன். பிள்ளை பிழைத்தாள்.

இதை முதலாளியிடம் சொல்லியிருந்தால் அந்த ஏழு வெள்ளிக்கும் வேறு ஆளை விட்டிருப்பார். ஆனால் நிமிர்ந்து நின்று சொன்ன வாயால் எப்படித் திருப்பிச் சொல்வது? நான் என்ன செய்தேன் தெரியுமா... வெள்ளிக்கிழமைக்குரிய படிவத்தை வியாழக்கிழமையே நிரப்பி வைத்தேன். நேரம், பத்து மணி. நிறம், மண்ணிறம். நீர் கசிவு, இல்லை. கையெழுத்து. வெள்ளியன்று அந்தத் துண்டைப் பையோடு ஒரு தாளால் பிடித்துக் கழிவு வாளிக்குள் தள்ளிவிடுவேன்.

மாதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை உடைத்தேன். அப்போது அது எனக்குப் பாவமாகவே தெரியவில்லை. பக்தியாகத் தெரிந்தது!

நாலு தவக்காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் சுங்க அதிகாரி வந்தார். முதலாளி அவரைக் கந்தோரில் இருத்திக் கோப்பி கொடுத்தார். அன்றைய தொகுதியில் ஒரு பெட்டியை எடுத்து வரும்படி சூசை அண்ணையை உள்ளே அனுப்பினார்.

சூசை அண்ணை களஞ்சியத்தில் பாரம்தூக்கி வண்டி ஓட்டுபவர். மன்னார்ப் பக்கம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஞாயிறுகளில் என்னையும் மகளையும் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவரும் அவர்தான். அந்தக் குளிருக்குள் மூச்சுப் பட்டு அவருடைய கண்ணாடி புகார் கட்டிவிடும். அன்றும் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உன்ர கண்ணை ஒருக்கா இரவல் தா. இந்தக் கண்ணாடியைப் போட்டாலும் குருடன், கழட்டினாலும் குருடன்."

"ஒரு நாளைக்கு மாடெண்டு சொல்லி மீனைத் தூக்கிக் கொண்டுபோய்க் குடுக்கப்போறியள்."

"குடுத்தால் குடுக்கிறது. வெள்ளிக்கிழமைதானே, சுங்கக்காரனும் மீன் தின்னட்டும்."

நான் சிரித்துக்கொண்டே இலக்கத்தை வாசித்தேன். அவர் பெட்டியில் விரலை வைத்தார். சரிதானா என்று இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சரியான பெட்டி. வெளியே வந்தபோது சுவர் மணிக்கூட்டில் பத்து.

சில கிழமைகளில் சுங்கத்தின் முடிவு வந்தது. வெட்டிய முகத்தில் இளஞ்சிவப்பு நீர். முழுத் தொகுதிக்கும் பச்சை இறைச்சிக்குரிய வரி. முதலாளி விடவில்லை, வரி முறையீட்டு மன்றத்துக்குப் போனார். அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம் என் படிவம். அதே நாள், அதே தொகுதி, நீர் கசிவு இல்லை.

அப்படியென்றால் சுங்கத்திடம் போன பெட்டியில் எப்படி நீர் வந்தது? அதே அறையில் பச்சை இறைச்சியும் ஓர் அடுக்கு இருந்தது. சூசை அண்ணை பெட்டியை மாற்றி எடுத்துவிட்டார் என்று முதலாளியின் வழக்கறிஞர் அம்மா வாதத்தைக் கட்டினார்.

முதலாளியையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தி விசாரித்தார். சூசை அண்ணை பதறவே இல்லை. என்னைக் காட்டி, இவதான் இலக்கம் வாசித்தவ, இரண்டு தரம் வாசித்தவ என்று டேனிஷில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தங்கச்சி. அண்டைக்கு நீதானே வாசிச்சனி?"

மேசையில் என் படிவம் கிடந்தது. பத்து மணிக்கு நான் வெட்டும் அறையில் நிற்கிறேன் என்று அதில் என் கையெழுத்துச் சொல்கிறது. பத்து மணிக்கு அவரோடு குளிருக்குள் நின்றேன் என்றால் படிவம் பொய். இந்தப் படிவம் பொய் என்றால் மற்றப் படிவங்கள்? என் வேலை? மகளின் படிப்பு? என் செபமாலை?

"அது வேறொரு வெள்ளிக்கிழமை" என்றேன். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று டேனிஷிலேயே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஞாபகத்தில் எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார்.

"அப்பிடியோ..." என்றார்.

அடுத்த மாதம் அவரை நிறுத்தினார்கள். அவரை வேலையில் வைத்துக்கொண்டே அவர் பிழை விட்டார் என்று வாதாடினால் மன்றம் நம்பாதாம்.

வழக்கும் தோற்றது. நிரோஷிதான் தீர்ப்பை வாசித்துச் சொன்னாள். பெட்டி மாறியதற்கு ஆதாரம் இல்லை, நிறுவனம் தானே எழுதி வைத்த ஒரு படிவம் சுங்கத்தின் பரிசோதனையைப் புரட்டாது. வாசித்து முடித்துவிட்டு என் தோளைத் தடவினாள். "அவர்களுக்கு உங்களைத் தெரியாது, அம்மா" என்று டேனிஷில் சொன்னாள்.

அந்தக் கை சுட்டது.

ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சுவாமி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மனிதரிடம் சொல்ல நீங்கள் ஆயத்தமோ?" எழும்பி வந்துவிட்டேன். பாவப்பொறுத்தல் வாங்காமலே வந்துவிட்டேன்.

போன வைகாசியில் துணிந்து விபோர்க்குக்குப் பஸ் ஏறினேன். சூசை அண்ணை இப்போது அங்கேதான் இருக்கிறார், பஸ்கள் கழுவுகிறார். வீட்டில் அவரும் மனைவியும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"நீ வந்தது நல்லதாப் போச்சு. உன்னட்ட ஒண்டு கேக்கவேணுமெண்டு கனநாள் யோசிச்சனான். அண்டைக்கு அந்த லோயர் மனுசிக்கு முன்னால உன்ர பேரைத் தேவையில்லாமல் இழுத்துப்போட்டன். மனசில வச்சிருக்கிறியோ?"

"இல்லை அண்ணை, நான் என்ன சொல்ல வந்தனானெண்டால்..."

"பொறு, சொல்லி முடிக்கிறன். வேற வெள்ளிக்கிழமையெண்டு நீ சொன்னாப்பிறகுதான் எனக்கு என்ர மறதி விளங்கினது. நீ வாசிச்ச மாதிரியே கண்ணுக்குள்ள நிக்குது, பார். ஆனால் நடக்கேல்லை. இப்ப என்னை நானே நம்புறேல்லை. பஸ் கதவைப் பூட்டினால் படம் எடுத்து இவவுக்கு அனுப்பிப்போட்டுத்தான் வீட்டை வாறன்."

அவருடைய மனைவி சிரித்தார். "என்ர போனில பேரப்பிள்ளையளின்ர படத்தைவிடப் பஸ் கதவுதான் கூடக் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்கொள், பிள்ளை" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம் போதும். "பரவாயில்லை, அண்ணை" என்றேன் நான்.

கேட்கிறீர்களா? நான் அவரை மன்னித்தேன். அவருடைய வேலையை எடுத்தேன், அவருடைய ஞாபகத்தை எடுத்தேன், கடைசியில் அவரை மன்னித்தும் விட்டேன்! திரும்பி வரும் பஸ்ஸில் செபமாலையைக் கையில் எடுத்தேன். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. இன்றைக்கும் வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியாமல் எழும்பி எழும்பி நடக்கிறேன். கோவிலில் மட்டும் குரல் நடுங்குவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேரே சொல்லத் துணிவில்லாதவள் இப்படி எழுதுகிறேன். விபோர்க்கில், சில்க்போர்க்கில், எங்கே நாலு தமிழர் கூடினாலும் இதை வாசித்துக் காட்டுங்கள். அவருடைய காதுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் கைமாறும்போது ஒன்றையும் மாற்றாதீர்கள். பாவம், பயத்தில் சொல்லிவிட்டாள் என்று சேர்க்காதீர்கள். பிள்ளைக்காகச் செய்தாள் என்று மெழுகாதீர்கள். பிறகு மனம் வருந்தினாள் என்று முடிக்கவும் வேண்டாம்.

முழுவதையும் வாசிக்க நேரமில்லாவிட்டால் இதை மட்டும் சொல்லுங்கள்: சூசை அண்ணை, உங்களுக்கு மறதி இல்லை. அந்த வெள்ளிக்கிழமைதான். வாசித்தது நான்தான். இரண்டு தரம் வாசித்தேன்.