செலவில்லாத விடுமுறையும் ஐந்து கொத்து அரிசியும்

ஆகஸ்ட் பிறந்தால் பத்திரிகைகளின் வாரப் பதிப்பில் ஒரு கட்டுரையாவது வந்துவிடும்: பாடசாலை விடுமுறையை அதிகச் செலவில்லாமல் மகிழ்ச்சியாகக் கழிப்பது எப்படி. மற்றப் பக்கங்களை விளம்பரம் உட்பட எழுத்தெழுத்தாக வாசிக்கிற நான் அதை மட்டும் வாசிப்பதில்லை. தலைப்பைக் கண்டதுமே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

பதின்மூன்று வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற நாளுக்கு அதில் இருப்பது இவ்வளவுதான்: “திரியாயிலிருந்து திரும்பினோம். பஸ் ஒன்றரை மணித்தியாலம் தாமதம். கடும் வெயில்.” மற்றதை மறந்துபோய்விடவில்லை. எழுத அருவருப்பாக இருந்தது.

எழுபதுகளின் முற்பாதி அது. பாணுக்குப் பேக்கரி வாசலில் விடிய முன்னரே வரிசையில் நின்ற காலம். அரிசியை ஓர் அளவுக்கு மேல் உத்தரவில்லாமல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. பாதையில் பஸ்ஸை மறித்துப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரே வளவில் இரண்டு வீடுகளில் இருந்தோம். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் அவர் கணவர் சித்தப்பாவும். இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை. சித்தப்பா துறைமுகக் களஞ்சியமொன்றில் வேலை. தீக்குச்சியைப் பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்கி வைத்திருப்பார். சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை பிள்ளை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அது பற்றி வளவுக்குள் ஒருவரும் கதைப்பதில்லை.

அந்த விடுமுறைக்குத் திட்டம் போட்டவர் சித்தப்பாதான். “காசு குடுத்தால்தான் சந்தோஷம் வரும் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டார். திரியாயில் அவருடைய அக்கா வீடு, வயல், பக்கத்தில் கடல். பஸ் காசு மட்டும்தான் செலவு. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் நால்வரும் போனோம்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதை மறைக்கமாட்டேன். காலையில் கடல், மத்தியானத்தில் வற்றிப்போன குளத்துச் சேற்றில் விரால் பிடிப்பு, பின்னேரம் சுட்ட சோளன். சின்னம்மா முழங்கால் சேற்றில் இறங்கி என்னைவிடப் பெரிய விராலைப் பிடித்துவிட்டு, “பார் மோனே, பள்ளிக்கூடத்தில இது படிப்பிச்சவையோ?” என்று சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் முன்னர் கேட்டதில்லை. ஒன்பது நாளும் சித்தப்பா சட்டைப்பைக்குள் கைவிடவில்லை. அவருடைய அக்கா கோழியடித்தா, தயிர் உறைய வைத்தா, நாங்கள் தின்றோம்.

புறப்படுகிற அன்று காலை அந்த அக்கா புதிதாகக் குற்றிய ஐந்து கொத்து அரிசியை ஒரு சிறு சாக்கில் கொண்டுவந்து வைத்தா. எப்படிக் கொண்டுபோவது? சித்தப்பா சாக்கைப் பார்த்தார், பிறகு சின்னம்மாவைப் பார்த்தார்.

“இஞ்சேரும், நீர் கொஞ்சம் எழும்பி நில்லும்.”

சித்தப்பாவுக்கு என்ன தோன்றியது என்பது அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பழைய தலையணை உறையொன்றில் அரிசியைக் கொட்டித் தைத்து, நாடா வைத்து, சின்னம்மாவின் வயிற்றில் கட்டி, அதன்மேல் சேலையைச் சுற்றிவிட்டதும் அம்மாதான். சின்னம்மா ஒருமுறை, “அக்கா, எனக்கு ஏலாது,” என்றார். “பஸ் ஏறி இறங்கிற நேரந்தானடி,” என்றா அம்மா. சித்தப்பா இரண்டடி பின்னால் போய்நின்று, படமெடுக்கிறவரைப்போலத் தலையைச் சரித்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கீழ,” என்றார். நான் என் பங்குக்கு, “பிள்ளை சம்பாவோ நாட்டரிசியோ?” என்று கேட்டேன். வீடு முழுக்கச் சிரித்தது. எனக்குப் பதினைந்து வயது. விளங்காத வயதல்ல.

பஸ்ஸில் கொண்டக்டர் ஒருவரை எழுப்பிச் சின்னம்மாவுக்கு முன் சீற் கொடுத்தார். சித்தப்பா எனக்குக் கண்ணடித்தார். நிலாவெளியில் எங்கள் ஒழுங்கையின் மூலை வீட்டு மாமி ஏறினா. நான்கு மாதம் அங்கே தமக்கை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறா. கோயில் பூசை தவறாத கத்தோலிக்க மாமி. தெருவில் எல்லாருக்கும் சொந்தம்போல. சின்னம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டா.

“என்ரை மாதாவே! பிள்ளை, எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே! எத்தினை மாசம்?”

சின்னம்மா யன்னல் பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து சித்தப்பா, “ஏழு, மாமி. கண்ணூறு பட்டிடும் எண்டு பொத்திப் பொத்தி வைச்சனாங்கள்,” என்றார். மாமி அழுதா. சின்னம்மாவின் தலையில் கைவைத்து முணுமுணுவென்று செபம் சொன்னா.

சாம்பல்தீவுப் பாலத்தடியில் சோதனை. இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒரு பெண்ணின் பையில் அரிசி இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அவள் கெஞ்சினாள். சின்னம்மாவிடம் வந்தவர் அவரைப் பார்த்துவிட்டு, “நீங்கள் இருங்கோ அம்மா,” என்று மரியாதையாகக் கடந்துபோனார். நான் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தேன். பலூன் வாங்கிய குழந்தையின் முகம் அது.

வீட்டில் கட்டை அவிழ்த்தபோது உறை வியர்வையில் ஊறி மணத்தது. சின்னம்மாவின் இடுப்பைச் சுற்றி நாடா அறுத்த சிவப்புத் தடம், வயிறெல்லாம் வேர்க்குரு. அரிசியில் கொஞ்சம் நனைந்து கட்டிபட்டிருந்தது. அம்மா அதை மூன்று தண்ணீரில் கழுவி உலையில் போட்டா. இரவு அந்தச் சோற்றைத் தின்றோம். சின்னம்மா தலையிடி என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலை மூலை வீட்டு மாமி வந்தா. ஒரு தட்டு நிறையப் பனங்காய்ப் பணியாரம். மடித்த துணிப்பொதி ஒன்று. பொதிக்குள் தன்னுடைய பிள்ளைகள் போட்ட குட்டிச் சட்டைகள். இருபது வருடமாகப் பூச்சியுருண்டை போட்டு வைத்திருந்தவை. சித்தப்பா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். “ஆள் படுத்திருக்கிறா, மாமி. களைப்பு.” மாமி அறைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனா.

கதிரையில் இருந்து முதல் பணியாரத்தைத் தின்றபடி சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: “நல்லாச் சுட்டிருக்கிறா. அக்கா, நீங்களும் எடுங்கோ.”

“இனி என்ன செய்யப்போறியள்? மாமிக்கு என்னெண்டு சொல்லுறது?” என்று அம்மா கேட்டா.

“இப்ப உண்மையைச் சொன்னால் அரிசிக் கதை ஊரெல்லாம் போயிடும். பொலிஸ் வரும். இரண்டு கிழமை போகட்டும். ஆக்கள் கொண்டுவாறதைக் கொண்டுவரட்டும். பிறகு கலைஞ்சிட்டுது எண்டு சொல்லுவம். முந்தியும் நடந்ததுதானே, ஆரும் சந்தேகப்படாயினம்.”

விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அம்மா கையிலிருந்த பணியாரத்தைக் கீழே வைத்தா. என் வாயில் ஒன்று இருந்தது, நான் விழுங்கினேன்.

அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். சின்னம்மா அதை விலக்கிக்கொண்டு வந்தார். மிச்சப் பணியாரத்தைச் சித்தப்பாவின் முன்னால் நிலத்தில் கவிழ்த்தார். எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை; ஏதாவது வைத்துத்தான் கொடுக்கவேண்டும். சின்னம்மா குசினிக்குப் போய் அந்த அரிசியைத் தட்டு நிறைய அள்ளினார். மேலே துணிப்பொதியை வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒட்டிய வயிறோடு, ஒழுங்கையின் நடுவால் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. சின்னம்மாவின் வயிற்றைப் பார்த்தா. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

“மாமி, நேற்று நீங்கள் கண்டது இதுதான். அரிசி. சட்டையளை எடுத்து வையுங்கோ.”

மாமி கையைச் சேலையில் துடைத்தா. பிறகு பொதியை மட்டும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டா. அவவும் பாண் வரிசையில் நிற்கிறவதான். அவ வீட்டிலும் பின்னேரத்தில் மரவள்ளிக் கிழங்குதான். ஆனாலும் தட்டைப் பார்த்தபோது சாணியைப் பார்க்கிற முகம். “எனக்கு உது வேண்டாம் பிள்ளை,” என்றா. “கொட்டிப்போட்டுத் தட்டைத் தா.”

சின்னம்மா அரிசியை முற்றத்தில் கொட்டினார். மாமியின் கோழிகள் ஓடிவந்தன.

அதற்குள் சித்தப்பா படலையடிக்கு வந்துவிட்டார். அயல் வீடுகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப்பார்த்தன. “விசரோ உமக்கு? முத்துப்போல அரிசியைக் கோழிக்கோ போடுறீர்?”

“ஓம்,” என்றார் சின்னம்மா. எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். “ஏழு மாசத்துப் பிள்ளை. கோழி தின்னுது, வந்து பாருங்கோ.”

சித்தப்பா படலையைத் தாண்டவில்லை. மாமி சின்னம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினா. அன்று பொழுதுபட்டும் சின்னம்மா வரவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிடப் போனா. மாமி கதவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் சின்னம்மா தானாகத் திரும்பி வந்தார். அதன் பிறகு அவர் தனக்கென்று தனியாக உலை வைத்தார்.

பொலிஸ் வரவில்லை. மாமியோ எட்டிப்பார்த்தவர்களோ ஒருவருக்கும் சொல்லவில்லை. மிச்ச அரிசி எங்கள் வீட்டில் அந்த நான்கு நாளைக்கும் போதுமாக இருந்தது. நான் நான்கு நாளும் சாப்பிட்டேன்.