திறக்காமல் வந்த தண்ணீர்

முதல் அழைப்பு

எங்கள் ஆய்வுத் திட்டத்தின் மழைத் தொலைபேசிக்கு வந்த முதல் அழைப்பை எடுத்தவன் நான். அதற்கு முன் இரண்டு வந்திருந்தன. ஒன்று ராங் நம்பர். மற்றொன்று, மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று மேடம் பக்கத்து அறையிலிருந்து அடித்துப் பார்த்தது. இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஏனுங் சார், மழை சொல்ற ஆபீஸுங்களா?"

"ஆமாங்க."

"இன்னிக்கு மழை வருமுங்களா?"

"பொழுதோட வர வாய்ப்பு இருக்குதுங்க."

"வாய்ப்புன்னா எப்படீங்க எடுத்துக்கறது? வருமா, வராதா?"

"வருமுங்க."

"நல்ல மழைங்களா, தூத்தலுங்களா?"

"நல்ல மழைங்க."

"நெம்பச் சந்தோசமுங்க சார். பேரு மயில்சாமி. இங்க சாயப்பட்டறை வெச்சிருக்கறனுங்க."

அன்று சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மயில்சாமி மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னார். மழைக்காக எனக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் அவர். சில நாள் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

இப்போது சுற்றுச்சூழல் ஆய்வு வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை மூன்று. மழையை அளப்பது, தண்ணீரைச் சோதிப்பது, குளத்துப் பறவைகளை எண்ணுவது. மூன்றுமே எண்ணும் வேலை என்பதால் எனக்குப் பொருத்தம் என்று நினைத்தார்கள். மழைமானிக்குள் காக்கை எச்சமிட்டால் அளவு கெடுமே என்றும், சாம்பிள் பாட்டில் மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்றும் நான் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான் என்று மேடம் சொல்வார். மேடம் என்பது திட்டத்தின் தலைவியான பேராசிரியை. சென்னைக்காரர். நல்லவர். எதையும் இரண்டு தாளுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்புபவர்.

மழைத் தொலைபேசி அவருடைய யோசனை. மழை இப்போதெல்லாம் பெய்தால் கொட்டுகிறது, இல்லாவிட்டால் ஒரேயடியாக ஏமாற்றுகிறது. விவசாயிகளுக்கு முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே? இணையத்தில் மேகப் படத்தைப் பார்த்து, வானிலைத் துறை சொல்வதையும் எங்கள் கருவி காட்டுவதையும் சேர்த்து, கேட்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டும். குளத்துக் கரையிலும் பஸ் ஸ்டாப்பிலும் எண்ணை எழுதி போர்டு வைத்தோம்.

மயில்சாமி போலத் தவறாமல் கூப்பிட்டவர் யாருமில்லை. மேகம் கூடினால் போதும், மணி அடிக்கும். பாவம், துணியை வெளியே காயப் போடுகிறார் போலிருக்கிறது, நனைந்துவிடக் கூடாதே என்று நானும் அக்கறையாகச் சொன்னேன். 'தொழில் துறைக்கும் பயன்படுகிறது' என்று மேடம் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டும் வந்தார்.

ஷட்டர்

குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு இரும்பு ஷட்டர் உண்டு. திறந்தால் வாய்க்கால் தண்ணீர் குளத்துக்கு வரும். மூடினால் பக்கத்து ஓடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும். அதை ஏற்றி இறக்கும் பொறுப்பை ஊர்க்காரர்கள் ராமாத்தாளிடம் விட்டிருந்தார்கள். குளத்தை ஒட்டித்தான் அவர் சோளக்காடும் கிணறும். ஆறு எருமை. குளத்தில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும். இல்லாவிட்டால் தீவனத்துக்குச் சோளத்தட்டும் இல்லை, எருமையும் இல்லை.

நான் பறவை எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்து நின்றார்.

"எத்தன இருக்குதுங்க?"

"நாமக்கோழி பதினேழு அம்மணி. சித்தெ இருங்க, ஒண்ணு முங்கிடுச்சு."

"அது முங்கினா பரவால்ல, வெளிய வந்துரும். நான் முங்கிப் போயிருவனாட்ட இருக்குது. ஏனுங் சார், நீங்க மழைன்னு சொன்னா எனக்கு மழை வர்றதில்லீங்க. செவப்புத் தண்ணிதான் வருது."

"மழைக்கும் செவப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதத்தான் படிச்சவங்கள்ட்டக் கேக்கறன்."

அன்றே மயில்சாமியின் பட்டறைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் குழைவு. டீ வரவழைத்தார்.

"துணியெல்லாம் எங்க காயப் போடறீங்க?"

"காயப் போடறதா? அதெல்லாம் அப்பன் காலத்தோட போச்சுங்க. இப்ப ட்ரையர்தான்." கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம் மழை எதுக்குங்க கேக்கறீங்க?"

மயில்சாமி சிரித்தார். "மழைன்னா மனசுக்கு ஒரு குளுமைதானுங்களே சார்."

திரும்பும்போதுதான் பட்டறைக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தேன். விளிம்பு வரை நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்காலை நோக்கிப் போனது. மழை பெய்யும்போது திறந்தால் நிறம் கரைந்துவிடும். யார் கேட்பார்கள்? பருவநிலை மாற்றத்தின் பாதிப்பைக் குறைக்க நாங்கள் ஏற்படுத்திய சேவையின் முதல் வாடிக்கையாளர், எங்கள் மாசு ஆய்வின் முதல் ஆய்வுப் பொருளாகவும் இருந்தார்.

மேடத்திடம் சொன்னேன். "அவருக்கு மட்டும் சொல்லாம இருந்துடலாமா மேடம்?"

"பொதுச் சேவை சார் இது. ஆள் பார்த்துச் சொல்ல முடியாது."

"பொய் சொல்லட்டுமா?"

"தரவு சார்! தரவுல பொய்யா?"

ஆகவே பொய் சொல்லவில்லை. மயில்சாமி கூப்பிட்டதும் உண்மையைச் சொல்வேன். போனை வைத்ததும் ராமாத்தாளுக்கு அடிப்பேன். "அம்மணி, கேட்டுட்டாரு. ஷட்டரை எறக்கிருங்க." சிவப்பு வடிந்து, நான் போய், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்த பிறகு ஷட்டரை ஏற்றச் சொல்வேன். அந்தப் பருவத்தில் குளத்துக்குச் சாயம் வரவில்லை. நாங்கள் வாங்கி வைத்திருந்த கருவிகள் எதுவும் மயில்சாமியின் குரல் அளவுக்குத் துல்லியமாக வேலை செய்யவில்லை.

பெய்யாத மழை

ஒரு நாள் மேகம் மூடிக்கொண்டு நின்றது. வரும் என்றேன். நல்ல மழை என்றும் சொன்னேன். ராமாத்தாள் ஷட்டரை இறக்கினார். மயில்சாமி தொட்டியைத் திறந்தார். மேகம் அப்படியே கலைந்து போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

காய்ந்த வாய்க்காலில் அசல் சிவப்பு மட்டும் வந்தது. ஓடையில் குப்பை அடைத்திருந்ததால் பஸ் ஸ்டாப்பில் ரோட்டுக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டுச் சொந்தக்காரக் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கியது. பதினான்கு வெள்ளை வேட்டி. எல்லாவற்றிலும் முழங்கால் வரை சாயம்.

"மாப்ள, சலவைக்குக் குடுத்தா போயிருமா?" என்று ஒருவர் கேட்டார்.

"திருப்பூர்ச் சாயம் மாமா. போனா ஆர்டர் திரும்பி வந்துரும்," என்றார் மற்றவர்.

அதே மாதத்தில் எங்கள் திட்டத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் கல்லூரியில் நடந்தது. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். உளுந்து வடை நாற்பது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடம் சேவையின் பயன்களை விளக்கிவிட்டு, "குறைகள் இருந்தாலும் தயங்காமச் சொல்லுங்க" என்றார்.

மயில்சாமி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"குறைதானுங்க சொல்லோணும். ஒரு சேவைன்னா நம்பிக்கை வேணுமுங்க. அன்னிக்கு நல்ல மழைன்னு இந்த சார் வாயாலயே சொன்னாருங்க. அத நம்பித்தான் தெறந்தேன். ஒரு சொட்டுப் பெய்யலீங்க! எனக்கு எத்தன அசிங்கம்? ஊரே வந்து வேடிக்கை பாக்குது!"

என் கையில் வடை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "எவ்வளவு திறந்தீங்க?"

"தொட்டி முழுசுங்க. பாதி மழைன்னு சொல்லியிருந்தா நான் பாதிதானுங்களே தெறந்திருப்பேன்?"

அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஓட்டை இருந்ததைப் போலக் கொதித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் ராமாத்தாள்தான் முதலில் சிரித்தார்.

நோட்டீஸ் வந்தது. பட்டறைக்குக் கரண்ட் நிறுத்தப்பட்டது. பிறகு, இந்த ஊரில் எல்லாம் நடக்கிறபடி, கரண்ட் திரும்பவும் வந்தது. எங்களுக்கு மயில்சாமியின் அழைப்பு மட்டும் வரவில்லை.

கேட்காத அன்று

அடுத்து மேகம் கூடியபோது ராமாத்தாள் கூப்பிட்டார்.

"அவரு போன் போட்டாருங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"அப்ப தெறக்கலீங்களா? இல்ல, சொல்லாமத் தெறக்கறாருங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் குளம் வற்றி அடிமட்டத்தில் கிடந்தது. கிணற்றில் மோட்டார் சேற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஷட்டரை ஏற்றினால் குளம் நிறையலாம், அல்லது சாயத்தில் நிறையலாம். ஒரு ஆய்வாளன் சொல்லக்கூடிய மிக நேர்மையான பதிலை நான் சொன்னேன். "தெரியலீங்க."

ராமாத்தாள் ஷட்டரை மூடிவிட்டார். மழை வெளுத்து வாங்கியது. நான் குடையோடு போய் வாய்க்காலில் மீட்டரை முக்கினேன். அந்த ஆண்டு முழுவதும் நான் பார்த்ததிலேயே சுத்தமான தண்ணீர். மயில்சாமி அன்று திறக்கவே இல்லை. மழையில் என் போன் நனைந்து செத்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக நான் போய்ச் சொல்லி ஷட்டரை ஏற்றுவதற்குள், வர வேண்டியதில் பெரும்பகுதி ஓடை வழியாகப் போய்விட்டது.

ராமாத்தாள் சேலை நனைய நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணிய நானே தொரத்தி உட்டுட்டனுங்க. அவரு கேட்டுட்டிருந்தப்பவாவது எனக்குத் தெரிஞ்சுது. நீங்கெல்லாஞ் சேந்து கூட்டம் போட்டு அதையுங் கெடுத்துட்டீங்க."

வாரம் முடிவதற்குள் இரண்டு எருமைகளை விற்றார். மிச்சம் நான்கு.

ஒரு மிஸ்டு கால்

அடுத்த மேகத்துக்கு முன்னால் ராமாத்தாள் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மயில்சாமி என்னைப் பார்க்காமல் அவருக்கு மட்டும் நாற்காலி போட்டார்.

"ஏனுங்க, உங்கள்ட்டச் சண்டைக்கு வல்லீங்க. தெறக்கறதுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுத் தெறங்க."

"நாங்க எங்கீங்க அம்மணி தெறக்கறோம்? எல்லாமே சுத்திகரிப்புத்தான். சார் வேணும்னா பாத்துக்கட்டும்." கூட்டத்தில் பட்ட அடியில் மனிதர் பாடம் படித்திருந்தார்.

"செரீங்க. நீங்க தெறக்கறதில்ல."

"இல்லவே இல்லீங்க."

"ஆனா சில நாளைக்கு நீங்க தெறக்காமயே தண்ணி வந்துருதுங்களே?"

மயில்சாமி கூரையைப் பார்த்தார்.

"அப்படித் தெறக்காமயே வர்ற அன்னிக்கு மட்டும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் எடுக்க மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம். அது நின்னதுக்கப்பறம் ரெண்டு குடுங்க."

மயில்சாமி தன் போனை எடுத்து மேசையில் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நெம்பர் சொல்லுங்க," என்றார்.

அடுத்த மழைக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. ஷட்டர் இறங்கியது. பின்னால் இரண்டு வந்தன. ஷட்டர் ஏறியது. நம்பிக்கை இல்லாமல் நான் மீட்டரோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது. பருவம் முடிவதற்குள் குளம் முக்கால் நிறைந்து, ராமாத்தாள் கிணற்றில் படிக்கட்டு மறையும் வரை ஊறியது. நாமக்கோழிகளை எண்ண முடியாமல் நான் பாதியில் விட்டேன். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். மயில்சாமி ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை. அவர் ஒருமுறைகூடத் திறந்ததும் இல்லை, அவர் சொன்னபடி.

இறுதி அறிக்கையில் மேடம், 'முன்னெச்சரிக்கை முறையால் குளத்தின் நீர்த்தரம் மேம்பட்டது' என்று எழுதினார். மிஸ்டு காலையும் சேர்க்கலாமே என்றேன்.

"எந்தத் தலைப்புல சார் சேர்க்கிறது? கருவின்னு போடறதா? மனித வளம்னு போடறதா?"

மிஸ்டு கால் அறிக்கையில் ஏறவில்லை.

வெற்றிகரமான திட்டம் என்றார்கள். சால்வை போட்டார்கள். அப்போதும் எனக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. மயில்சாமியின் தொட்டி முன்பு எவ்வளவு காலியானதோ அவ்வளவே இப்போதும் காலியானது. குளத்துக்கு வராத சாயம் ஓடை வழியாக ஆற்றுக்குப் போனது. ஆற்றோரமும் கிணறுகள் இருக்கின்றன, எருமைகள் இருக்கின்றன. நாங்கள் தண்ணீரில் ஒரு சொட்டையும் சுத்தமாக்கவில்லை. அது யார் வாசலுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் மிகத் துல்லியமாகத் தீர்மானித்திருந்தோம். முன்னெச்சரிக்கை கொடுப்பது வேறு, தடுப்பது வேறு. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது புரிந்தபோது திட்டத்தின் நிதி முடிந்திருந்தது.

அறையைக் காலி செய்த அன்று மழைத் தொலைபேசி அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன். குரல் புதிது. ஆற்றில் கீழே, நாங்கள் போர்டு வைக்காத ஊரிலிருந்து.

"மழை சொல்ற ஆபீஸுங்களா?"

"ஆமாங்க. இன்னிக்குத் தூத்தல்தானுங்க."

"மழை கெடக்குதுங்க சார். மேல ஒரு அம்மாவுக்கு யாரோ மிஸ்டு கால் குடுக்கறாங்களாமே? எங்களுக்கும் அது கெடைக்குமுங்களா?"